ஊழல் வழக்கை வைத்துச் சட்டத் த்ரில்லர் எழுதுவது எப்படி

ஊழலைப் பற்றித் தமிழில் த்ரில்லர் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது வில்லனைத்தான். வெள்ளை வேட்டி மந்திரி, கோட்டு போட்ட முதலாளி, நடுவில் ஒரு பெட்டி. இதை வைத்து முப்பது பக்கம் ஓட்டலாம். அதற்கு மேல் கதை நின்றுவிடும், ஏனென்றால் மந்திரியும் முதலாளியும் கூட்டு என்பது வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்ததை உங்கள் ஹீரோ கடைசி அத்தியாயத்தில் கண்டுபிடித்தால் யார் அசரப் போகிறார்கள்?

நான் இந்த வகைக் கதைகளை நேசிக்கிறேன், நல்லதாக இன்னும் நிறைய வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அதனால் எனக்குப் பிடிபட்ட ஒரே சூத்திரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எல்லாருக்கும் தெரியும்" என்பதற்கும் "கோர்ட் ஏற்றுக்கொள்ளும்" என்பதற்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. உங்கள் நாவல் முழுக்க அந்தத் தூரத்தைக் கடக்கும் நடைதான். கீழே சொல்வதெல்லாம் அதை எப்படிப் பக்கம் பக்கமாக எழுதுவது என்பதைப் பற்றி.

தோற்றுப்போன வழக்குகளை முதலில் படியுங்கள்

ஜெயித்த வழக்கைவிடத் தோற்ற வழக்கு எழுத்தாளருக்கு அதிகம் கற்றுத்தரும். 1991-இல் டெல்லியில் ஜெயின் சகோதரர்கள் என்ற தொழிலதிபர்களின் இடங்களில் சிபிஐ சோதனை போட்டபோது டைரிகளும் நோட்டுகளும் தனித்தாள்களும் கிடைத்தன. அவற்றில் பெயர்களின் முதலெழுத்துகள், எதிரே தொகைகள். கட்சி பேதமில்லாமல் பெரிய தலைகளோடு பொருந்தும் முதலெழுத்துகள். த்ரில்லர் எழுதுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த டைரிகள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தன. 1993-இல் வினீத் நாராயண் என்ற பத்திரிகையாளரும் மற்றவர்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் விசாரணை நகர்ந்தது. நீதிமன்றம் ஒரே உத்தரவோடு முடித்துக்கொள்ளாமல் வழக்கைத் தொடர்ந்து கையில் வைத்துக்கொண்டு சிபிஐயைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டது. 1997 டிசம்பரில் வந்த தீர்ப்பில்தான் சிபிஐ இயக்குநருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் வேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

இது வெற்றிக் கதை மாதிரி இருக்கிறதா? அடுத்த ஆண்டே, 1998 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம், டைரியோடு பெயர் பொருத்தப்பட்ட அரசியல்வாதி வி.சி. சுக்லாவின் வழக்கில் அந்த டைரிகளைச் சாட்சியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவோடு வைத்துப் பார்த்தது. தனித்தாள்கள் "கணக்குப் புத்தகம்" ஆகாது. கட்டுப்போட்ட நோட்டு புத்தகமே என்று வைத்துக்கொண்டாலும், அதில் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது, பணம் கை மாறியதற்குத் தனி ஆதாரம் வேண்டும். அத்வானியும் சுக்லாவும் விடுவிக்கப்பட்டது நிலைத்தது.

இந்த இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், உங்கள் நாவலின் நடுப்பகுதி தானாகவே கிடைக்கும். ஹீரோயின் கையில் டைரி கிடைக்கிறது, வாசகர் "மாட்டினான்" என்று நிமிர்கிறார், சீனியர் வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "இது நோட்டா, தனித்தாளா?" என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வி துப்பாக்கியைவிடப் பயமாக இருக்கும்.

2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு வழக்கையும் இப்படியே பாருங்கள். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. விவகாரம் ஒன்று, கேட்கப்பட்ட கேள்வி வேறு: அங்கே ஒதுக்கீடு முறையாக நடந்ததா என்று கேட்டார்கள், இங்கே இந்த நபர் இந்தக் குற்றத்தைச் செய்தார் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டு என்று கேட்டார்கள். உங்கள் கதை எந்தக் கேள்வியைக் கேட்கும் நீதிமன்றத்தில் நடக்கிறது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அரசின் முடிவைக் கேள்வி கேட்கும் ரிட் மனுவா, ஆளின் குற்றத்தைக் கேட்கும் கிரிமினல் விசாரணையா? இரண்டையும் கலந்தால் கதை குழம்பிவிடும், வேண்டுமென்றே அடுத்தடுத்து வைத்தால் அருமையாக இருக்கும்.

சின்னக் காகிதத்தில் ஆரம்பியுங்கள்

சதி எவ்வளவு பெரிதோ, அதைத் திறக்கும் காகிதம் அவ்வளவு சின்னதாக இருக்கட்டும். ரகசியக் கோப்பு, பெட்டகம், நள்ளிரவில் வரும் அநாமதேய போன் எல்லாம் வேண்டாம். நம் ஊரில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய காகிதங்களே போதும், அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்க ஒரு கண் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். மதுரைப் பக்கம் ஒரு ஜூனியர் பெண் வக்கீல். ஒரு பாட்டியின் வரப்புத் தகராறு அவளிடம் வருகிறது, ஃபீஸ்கூடச் சரியாக வராத கேஸ். பாட்டி நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் வில்லங்கச் சான்று எடுக்கிறாள். பக்கத்து நிலத்தை ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது, அதே வாரத்தில் கண்மாயை ஒட்டி வரிசையாகப் பதினொரு சர்வே எண்களையும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்தக் கம்பெனியைத் தேடுகிறாள், நூறு ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். இயக்குநர்கள் இரண்டு பேர், இருவருக்கும் முகவரி ஒரே தெரு. செலுத்தப்பட்ட மூலதனம் ஒரு லட்சம், அடமானப் பதிவில் கடன் நாற்பது கோடி. கடன் கொடுத்தது இன்னொரு கம்பெனி, அதன் இயக்குநர்களில் ஒருவர் குவாரி ஏலம் எடுத்த மூன்றாவது கம்பெனியிலும் இயக்குநர். அப்புறம் சட்டமன்ற உறுப்பினரின் தேர்தல் பிரமாணப் பத்திரங்களைப் பார்க்கிறாள். படிவம் 26-இல் வேட்பாளர் தன் சொத்து, மனைவி சொத்து எல்லாம் எழுதித் தர வேண்டும், அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களின் பத்திரத்தை எதிரெதிரே வைத்துப் படித்தால் அதுவே ஒரு அத்தியாயம். மனைவி பெயரில் புதிதாக ஒரு இனம் இருக்கிறது: அந்த மூன்றாவது கம்பெனியின் பங்கு.

இதில் எங்கேயும் யாரும் பூட்டை உடைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு காகிதத்திலும் வாசகரின் தொண்டை ஒரு சுற்று இறுகும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்பதையும் பயன்படுத்துங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும், பதிவாகாத ஒப்பந்தம் வராது. பாட்டியின் கணவர் கைநாட்டு வைத்த ஒரு பதிவாகாத தாளில்தான் உண்மையான விலை இருக்கிறது என்றால்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எல்லாரும் கதையில் பயன்படுத்துகிறார்கள், ஒரு வரியில் "ஆர்.டி.ஐ. போட்டுத் தகவல் வாங்கினான்" என்று தாண்டிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று எழுதுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, பதிலுக்கு 30 நாள், உயிர் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேல் தகவல் ஆணையம், அங்கே காத்திருப்பு. வணிக ரகசியம் என்று அந்தச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். பெரும்பாலான எழுத்தாளர்கள் கண்டுகொள்ளாத ஒன்றும் இருக்கிறது: இந்தச் சட்டத்தில் பணி நடக்கும் இடத்தை நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை உண்டு. ஒரு சாதாரணக் குடிமகன் மேம்பாலத்தடியில் நின்று கான்கிரீட் மாதிரி கேட்கிறான், எதிரே கான்ட்ராக்டரின் ஆட்கள் நிற்கிறார்கள். இந்தக் காட்சியை ஏன் இன்னும் யாரும் எழுதவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

துப்பு எப்படி ஒளிந்திருக்க வேண்டும்

தேர்தல் பத்திர விவகாரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 2018-இல் தொடங்கிய திட்டம். கம்பெனியோ தனிநபரோ ஸ்டேட் பேங்கில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம், யார் கொடுத்தார் என்பது பொதுமக்களுக்குத் தெரியாது. முன்பு ஒரு கம்பெனி தன் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் நன்கொடை தரக் கூடாது என்றிருந்த வரம்பும் 2017-லேயே நீக்கப்பட்டிருந்தது. பத்திரத்தில் வாங்கியவர் பெயர் இல்லை. சரி, அடையாளமே இல்லையா? பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்கள் இரண்டை வாங்கி, ஒன்றைத் தடயவியல் ஆய்வகத்துக்குக் கொடுத்தார். புற ஊதா ஒளியில் மூலையில் ஒரு எண் தெரிந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத எண், ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனி எண்.

அது 2018. அந்த எண் கதையின் முடிவில் திரும்ப வந்ததைப் பாருங்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு திட்டத்தையே ரத்து செய்து, விவரங்களை மார்ச் 6-க்குள் தரச் சொன்னது. வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. வாங்கியவர் விவரம் ஒரு இடத்தில், பணமாக்கிய கட்சிகளின் விவரம் வேறிடத்தில், இரண்டும் சீலிட்ட உறைகளில் மும்பை முதன்மைக் கிளையில் இருக்கின்றன, 22,217 பத்திரங்களையும் பொருத்திப் பார்க்க நாளாகும் என்று சொன்னது. மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுத்து, மறுநாளே தரச் சொன்னது. வந்தது இரண்டு தனித்தனிப் பட்டியல். இந்தப் பக்கம் கம்பெனிகள், அந்தப் பக்கம் கட்சிகள், நடுவில் பாலம் இல்லை. எண்களையும் கொடு என்று நீதிமன்றம் மறுபடி சொல்ல, மார்ச் 21 அன்று எண்கள் வந்தன. அதற்குப் பிறகு எந்தப் பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்பதை விரிதாளில் யாரும் பொருத்திப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் இருந்து இயங்கும் ஒரு லாட்டரி கம்பெனி 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்ததும், அது எந்தெந்தக் கட்சிகளுக்குப் போனது என்பதும் அப்படித்தான் வெளியே தெரிந்தது. பத்திரம் வாங்கியதே குற்றம் என்று இதற்கு அர்த்தமில்லை, அதையும் உங்கள் கதாபாத்திரம் ஒருவர் சொல்ல வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் சொல்வார்.

இதன் கட்டமைப்பைத் திருடிக்கொள்ளுங்கள். துப்பு தொடக்கத்திலேயே வாசகரின் கண்முன் வைக்கப்படுகிறது, ஆனால் அதற்கு அப்போது பயன் இல்லை. இரண்டு பாதி உண்மைகள் இரண்டு உறைகளில் இருக்கின்றன. அவற்றைச் சேர்க்கும் ஊசி அந்தப் பழைய எண். முதல் ஐம்பது பக்கத்துக்குள் உங்கள் ஊசியைக் கீழே போட்டுவிடுங்கள், வாசகர் மிதித்துவிட்டுத் தாண்டிப் போகட்டும்.

பென் டிரைவ் காட்சி

ஹீரோ ஓடி வந்து பென் டிரைவை நீதிபதியிடம் கொடுக்கிறான், வீடியோ ஓடுகிறது, வில்லன் வியர்க்கிறான், படம் முடிகிறது. தயவுசெய்து இதை எழுதாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி (பழைய சட்டத்தில் 65பி) மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தக் கணினியையோ கருவியையோ பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்திட வேண்டும், நிபுணரும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை மாதிரியான எண்) குறிப்பிட வேண்டும்.

இது எழுத்தாளருக்குத் தடையாகத் தோன்றும். உண்மையில் இது வரம். கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்த ஒருவர் பெயர் சொல்லாமல் கோப்பைக் கொடுத்துவிட்டார். அதோடு தன் பங்கு முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார். மறுநாள் வக்கீல் வந்து சொல்கிறாள், "சார், இதுல நீங்க கையெழுத்துப் போடணும்." பெயரில்லாமல் இருந்தவர் பெயரோடு வெளியே வர வேண்டும். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். இந்த இடத்தில் நாலு அத்தியாயம் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று, நம் சட்டத்தில் ஆவணத்தைத் திருடி எடுத்து வந்தது என்பதாலேயே அது செல்லாததாகிவிடாது. 2019 ஏப்ரலில் ரஃபேல் போர் விமானக் கொள்முதல் பற்றிய சீராய்வு மனுவில், வெளியே கசிந்த ஆவணங்களைப் பார்க்கக் கூடாது என்ற அரசின் ஆட்சேபணையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அமெரிக்கக் கதைகளைப் படித்துவிட்டு "சட்டவிரோதமாக எடுத்தது, தள்ளுபடி" என்று எழுதிவிடாதீர்கள்.

வில்லன் யாரையும் கொல்ல வேண்டியதில்லை

அரசு ஊழியர்மேல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் வழக்கு நடத்த 19-ஆம் பிரிவின்படி அரசின் அனுமதி தேவை. 2018 திருத்தத்தில் வந்த 17ஏ பிரிவு, பதவியில் எடுத்த முடிவுகள் பற்றி விசாரணை தொடங்கவே முன் அனுமதி கேட்கிறது. அப்படியானால் வில்லன் செய்ய வேண்டியது, அந்தக் கோப்பை ஒருவர் மேசையில் இருந்து எழாமல் பார்த்துக்கொள்வது. ஒரு குறிப்பு, ஒரு விளக்கக் கேள்வி, திரும்ப அனுப்பு, மறுபடி வா. அதற்குள் சாட்சிக்கு வயதாகிறது, விசாரணை அதிகாரி மாற்றலாகிறார், அ.சா.3, அதாவது அரசுத் தரப்பின் மூன்றாவது சாட்சி, பிறழ் சாட்சி ஆகிறார். வாய்தா மேல் வாய்தா. வாசகருக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றினால் நீங்கள் சரியாக எழுதுகிறீர்கள்.

ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு 1996-இல் தொடங்கியது, 2003-இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது, தண்டனை விதித்த விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2014 செப்டம்பரில் வந்தது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது, அந்தத் தீர்ப்பில் கடன்களின் பட்டியல் ஒன்று இருந்தது, பத்து இனங்கள். கூட்டுத்தொகை 24 கோடியே 17 லட்சம் என்று இருந்தது. கூட்டிப் பார்த்தால் 10 கோடியே 67 லட்சம்தான் வருகிறது. வருமானத்துக்கு மீறிய சொத்து 8.12 சதவீதம்தான், பொறுத்துக்கொள்ளக்கூடிய பத்து சதவீதத்துக்குள் இருக்கிறது என்ற முடிவு அந்தக் கூட்டலின் மேல்தான் நின்றது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. நான் சொல்ல வருவது இதுதான்: இருபது ஆண்டு வழக்கின் திருப்பம் ஒரு பக்கத்துக் கூட்டல் கணக்கில் இருக்க முடியும், பள்ளிக்கூடப் பையன் பென்சிலால் சரிபார்க்கக்கூடிய கணக்கு. உங்கள் திருப்பமும் அந்த அளவுக்கு எளிமையாக, வாசகரே கையால் தொட்டுப் பார்க்கும்படி இருக்கட்டும்.

ஆட்கள்

கதாநாயகரைத் தூய்மையானவராக்க வேண்டாம், பிடிவாதமானவராக்குங்கள். மதுரை ஆட்சியராக இருந்த சகாயம் 2012-இல் கிரானைட் முறைகேட்டில் 16,000 கோடிக்கு மேல் இழப்பு என்று அறிக்கை எழுதினார், கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். பின்னால் உயர் நீதிமன்றமே அவரைச் சட்ட ஆணையராக நியமித்தது. 2015 செப்டம்பரில், நரபலி புகார் சொல்லப்பட்ட இடத்தில் தோண்டுவது தள்ளிப்போனபோது, தடயம் கலைந்துவிடக் கூடாது என்று அந்த இடுகாட்டிலேயே இரவு படுத்துக்கொண்டார். அந்த ராத்திரியை நினைத்துப் பாருங்கள். வசனமே வேண்டாம்.

பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவர், சத்யேந்திர துபே. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமருக்கு எழுதிய பொறியாளர், தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் அவர் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிபிஐ விசாரித்து வழிப்பறியில் நடந்த கொலை என்றது, 2010-இல் மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஊர் நம்பியது ஒன்று, கோர்ட்டில் நிரூபணமானது ஒன்று. தகவல் சொல்பவரைக் காக்கும் சட்டம் 2014-இல் நிறைவேறியது, அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வராமலே ஆண்டுகள் ஓடின. உங்கள் கணக்குப் பிரிவு ஆளிடம் ஜூனியர் வக்கீல் என்ன வாக்குறுதி கொடுக்க முடியும் என்பதை இதை மனதில் வைத்து எழுதுங்கள்.

அந்த ஜூனியருக்கும் ஒரு சங்கடம் வையுங்கள். பழைய கேஸ் கட்டுகளைப் புரட்டும்போது அந்தக் கம்பெனிக்கு ஒரு காலத்தில் வக்காலத்து போட்டது அவள் சீனியர்தான் என்று தெரிகிறது. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியிடக் கூடாது, அது சட்டம். ஆனால் சட்டவிரோதமான காரியத்துக்காகச் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அதுவும் சட்டம். எது எந்தப் பக்கம் விழும் என்று சீனியரும் ஜூனியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் காட்சியை அவசரப்படாமல் எழுதுங்கள்.

கோர்ட்டைப் பார்க்காமல் எழுதாதீர்கள்

நம் நீதிபதிகள் கையில் சுத்தியல் கிடையாது, ஜூரியும் கிடையாது. மாவட்ட நீதிமன்றம் எல்லாருக்கும் திறந்ததுதான், ஒரு வாரம் பின் வரிசையில் உட்காருங்கள். சாட்சி சொல்வதை நீதிபதி சுருக்கிச் சொல்ல, டைப் அடிக்கிறார்கள், அந்தச் சுருக்கத்தில் ஒரு வார்த்தை மாறினால் வக்கீல் எழுந்து ஆட்சேபிப்பார். பெஞ்ச் கிளார்க் கட்டைத் தேடும் நேரம், வாசலில் பெயர் கூப்பிடும் குரல், கேஸைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிடச் சொல்லும் "அய்யா, பாஸ் ஓவர்" என்ற கெஞ்சல், மின்விசிறியின் சத்தம். குறுக்கு விசாரணையில் கத்துகிறவரைவிட மெதுவாகக் கேட்கிறவர் எவ்வளவு ஆபத்தானவர் என்பது ஒரே நாளில் புரியும்.

கடைசியாக, பெயர்கள். முடிந்த வழக்குகளின் தீர்ப்புகள் பொது ஆவணம், அவற்றிலிருந்து நடைமுறையை எடுங்கள், ஆட்களை எடுக்காதீர்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கை அப்படியே கதையாக்கினால் அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு இரண்டு பக்கமும் இழுக்கும், "கற்பனையே" என்று முதல் பக்கத்தில் போடுவது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. உங்கள் வில்லன் கம்பெனிக்குப் பெயர் வைத்ததும் அமைச்சகத் தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். அதே பெயரில் திருப்பூரிலோ ஓசூரிலோ யாரோ ஒருவர் உண்மையாகவே தொழில் செய்துகொண்டிருந்தால், வேறு பெயர் வையுங்கள்.